திருப்பிப் போட்டால் ஹோலி

பொம்மை தைக்கிற தொழிலில் ஒரு கஷ்டம் உண்டு: எந்த மிருகமும் கடைசியாகத் திருப்பிப் போடும்வரை பேய் மாதிரிதான் இருக்கும். தையல் எல்லாவற்றையும் துணியின் உள்பக்கத்தில்தான் போட வேண்டும். அதனால் வேலை முடிகிறவரை நூல் தொங்கும், காது உள்ளே போயிருக்கும், கண் இருக்கிற இடத்தில் முடிச்சுதான் தெரியும். அந்த நேரம் பார்த்துத்தான் யாராவது வீட்டுக்குள் வந்து, "இது என்ன, தலையணை உறையா?" என்று கேட்பார்கள். வீட்டில் தையல் மிஷின் வைத்திருக்கும் அன்பர்களே, உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. "சும்மாத்தானே இருக்கீங்க, இந்தப் புடவைக்கு ஒரு ஃபால் அடிச்சுக் கொடுங்களேன்" என்று ஒரு தடவையாவது கேட்கப்பட்ட எல்லாரும் என் சொந்தக்காரர்கள்.

எனக்கு ஊர் தென்காசிப் பக்கம். ஆனால் பாதி வாழ்க்கை டெல்லியில் போய்விட்டது. முதலில் ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ், இப்போது ஜனக்புரியில் முதல் மாடி ஃப்ளாட். வீட்டுக்காரர் ஆவுடையப்பன் மத்திய அரசு ஆபீஸ் ஒன்றில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ரிட்டயர் ஆனவர். எனக்கு அப்பா அம்மா வைத்த பெயர் செண்பகம். அதை இந்தத் தெருவில் கேஸ் சிலிண்டர்க்காரர் மட்டும்தான் ரசீதைப் பார்த்து எழுத்துக்கூட்டிப் படிப்பார். மற்ற எல்லாருக்கும் நான், புடவை ஓரம் அடித்துக் கொடுக்கிற 'ஃபால்-பிக்கோ ஆன்ட்டி'. சொந்தமாக வரைந்து, வெட்டி, கண் வைத்து, காது வைத்து எத்தனையோ பொம்மை தைத்திருக்கிறேன். இருந்தும் அந்தப் பெயர் பசை போட்டு ஒட்டியது மாதிரி ஒட்டிக்கொண்டுவிட்டது. யாராவது ஒருத்தர் 'பொம்மை ஆன்ட்டி' என்று கூப்பிட மாட்டார்களா என்று எனக்கு ரொம்ப நாள் ஏக்கம். கீழே வருவதெல்லாம் அந்த ஏக்கத்துக்கு வந்த சோதனைகள்.

சொட்டு விழாத ஹோலி

எல்லாம் பக்கத்து ஃப்ளாட் பிங்கியால் வந்தது. பிங்கி பஞ்சாபிப் பெண், தங்கமான மனசு. அவள் சிரித்தால் மூன்றாவது மாடியில் குக்கர் விசில் வைத்தவர்கள்கூட எட்டிப் பார்ப்பார்கள். அவள் மகனின் பிறந்தநாளுக்கு ஒரு பொம்மை தைத்துக் கொடுத்திருந்தேன். வெளியே பூனை. அடியில் விரலை விட்டு வெடுக்கென்று திருப்பினால் நாய். பையன் அதைத் தெருக்கோடி ப்ளே ஸ்கூலுக்குத் தூக்கிக்கொண்டு போய், பூனையை நாயாக்கி, நாயைப் பூனையாக்கி, வகுப்பில் ஒரு பிள்ளையையும் ரைம்ஸ் சொல்ல விடவில்லை. மறுநாளே அந்த ஸ்கூலின் பிரின்சிபால் மல்ஹோத்ரா மேடம் மூச்சு வாங்க என் மாடிப்படி ஏறி வந்துவிட்டார். புகார் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நான் டீ போட ஓடினேன்.

வந்தது ஆர்டர். போன வருஷ ஹோலிக்கு ஸ்கூலில் கலர்ப் பொடி கொடுத்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு மூன்று, நான்கு வயசு. பொடி மூக்கில், காதில், டிஃபன் டப்பாவில், ஒரு அப்பாவின் புதுக் கார் சீட்டில் என்று போகாத இடமில்லை. இந்த வருஷம் பெற்றோர்கள் பொடியும் கூடாது, தண்ணியும் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதே பெற்றோர்கள்தான் ஹோலி ஃபங்ஷன் எப்போது என்றும் கேட்கிறார்கள். அதனால் மேடம் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். முப்பது பிள்ளைகள் கையிலும் முப்பது வெள்ளை யானை. மைக்கில் அவர் "ஹோலி ஹை!" என்று கத்தியதும் எல்லாரும் ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும். மேடை முழுக்கக் கலர் அப்பிய யானைகள். அப்பா அம்மாக்கள் போனில் வீடியோ எடுப்பார்கள்.

"ஒண்ணு திரும்பலைன்னாலும் ஆபத்து" என்றார் மேடம் இந்தியில். அந்த வயசில் அழுகை சளி மாதிரி, ஒரு பிள்ளைக்கு வந்தால் முப்பதுக்கும் வரும் என்றார். நன்றாக நடந்தால் ஸ்கூலின் எல்லா விழாவுக்கும் பொம்மை என் பொறுப்பு. வாசல் கேட்டில் என் பெயரைப் போட்டு ஒரு போர்டும் வைப்பதாகச் சொன்னார். 'பொம்மைகள்: செண்பகம் ஆன்ட்டி'. எனக்கு அந்த இடத்திலேயே தலைகால் புரியவில்லை. படி இறங்கும்போது மேடம் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "ஆன்ட்டி ஜி, எனக்கு ஹோலி வேணும். ஆனா தரையில ஒரு சொட்டு ரங்கு விழக் கூடாது!"

தும்பிக்கை செய்த அவமானம்

இந்த மாதிரி யானையில் வித்தை ஒன்றும் பெரிதில்லை. குல்லாய் மாதிரி இரண்டு யானை தைக்க வேண்டும், ஒன்று வெள்ளை, ஒன்று கலர். இரண்டு குல்லாயின் விளிம்பையும் சேர்த்துத் தைத்து, நடுவில் பஞ்சு அடைத்து, ஒன்றை மற்றதற்குள் தள்ளிவிட்டால் தீர்ந்தது. வெளியே இருப்பவன் ஊருக்குத் தெரிவான், உள்ளே இருப்பவன் முறை வரும்வரை ஒடுங்கிக் கிடப்பான். கூட்டுக் குடும்பத்தில் இருந்தவர்களுக்கு நான் இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

முதல் மாதிரி யானையில் தும்பிக்கை கம்பீரமாக இருக்கட்டும் என்று பஞ்சை அழுத்தி அடைத்துவிட்டேன். வெள்ளை வெளியே இருந்தவரை அழகு கொஞ்சியது. கலருக்குத் திருப்பி மேஜையில் நிறுத்தினேன். உள்ளே போன வெள்ளை யானையின் தும்பிக்கைக்கு அங்கே இடம் போதாமல், அது கலர் யானையின் இரண்டு கால்களுக்கும் நடுவில் எட்டிப் பார்த்துக்கொண்டு விறைப்பாக நின்றது. அந்த நிமிடம் பார்த்துப் பிங்கி தயிர் உறைமோர் கேட்டு உள்ளே வந்தாள். யானையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். துப்பட்டாவை வாயில் வைத்து அடைத்துப் பார்த்தும் முடியாமல், மாடிப்படி முழுக்கக் கேட்கிற மாதிரி வெடித்தாள்: "ஆன்ட்டி ஜி, இது பக்கா லட்கா, ஆம்பளப் பிள்ளைதான்! டாக்டர்கிட்டகூடக் கேக்க வேண்டாம்!"

யானைக்குக் குளிர்

தும்பிக்கையில் பஞ்சைக் குறைத்து மானத்தைக் காப்பாற்றியபின், உடம்புக்குப் பஞ்சு வாங்கக் கிளம்பினேன். டெல்லியில் ஹோலி வந்துவிட்டால் குளிர் போய்விட்டது என்று அர்த்தம். ரஜாய் என்கிற பஞ்சு மெத்தைப் போர்வையெல்லாம் வெயில் காட்டிப் பெட்டிக்குள் போய்விடும். மார்க்கெட்டில் ரஜாய்க்குப் பஞ்சு அடைத்துக் கொடுக்கிற கடைக்காரர் ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். மூட்டை நிறையப் பஞ்சு வேண்டும் என்றதும் அவருக்கு என் மேல் இரக்கம் வந்துவிட்டது. வீட்டில் யாருக்காவது காய்ச்சலா என்று கேட்டார். சிங்கிள் ரஜாயா, டபுளா என்று கேட்டார்.

"யானைக்கு" என்றேன். சொன்னபிறகுதான் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று உறைத்தது. அவர் பட்டாணியை வைத்துவிட்டு எழுந்து, ஷட்டரை மறுபடி மேலே தூக்கினார். மூட்டையைக் கட்டி ரிக்‌ஷாவில் ஏற்றினார். ரிக்‌ஷா நகர்ந்ததும் பின்னாலிருந்து கூப்பிட்டுச் சொன்னார்: "பெஹன் ஜி, அடுத்த தடவை யானையைக் கூட்டிட்டு வாங்க, அளவு எடுத்துடலாம்!"

ரோஸ் கலர் வேட்டி

கலர்ப் பக்கத்துக்குத் துணி கிடைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. பூப் போட்டது கேட்டால் கிடைக்கும், கோடு போட்டது கேட்டால் கிடைக்கும். நாலு பேர் சேர்ந்து கலரை அப்பியது மாதிரி துணி எந்தக் கடையில் இருக்கும்? கடைசியில் ஒரு கடைக்காரர் கொஞ்சம் வெட்கத்தோடு பரணிலிருந்து ஒரு சுருளை இறக்கினார். பிரிண்ட் மிஷின் கோளாறில் மஞ்சளும் நீலமும் ரோஸும் ஒன்றோடொன்று வழிந்து போன துணி. கடையில் வைத்துக்கொள்ளவே அவருக்குப் பிடிக்கவில்லை. எனக்கோ அதைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது.

சாயம் போகுமா என்று பார்க்க அன்றைக்கே ஒரு பக்கெட்டில் ஊற வைத்தேன். நன்றாகவே போனது. அது போன இடம், நான் கவனிக்காமல் வீட்டுக்காரர் அதே பக்கெட்டில் நனைத்து வைத்த எட்டு முழ வேட்டி. மறுநாள் கிருத்திகை. கிருத்திகை என்றால் வேட்டி கட்டிக்கொண்டு மலை மந்திர் முருகனைப் பார்த்தே ஆகவேண்டும் அவருக்கு. வேறு வேட்டி இஸ்திரிக்குப் போயிருந்தது. "லேசாத்தான் தெரியுது" என்று நான் சொன்னதை நம்பி, ரோஸ் வேட்டியோடு மெட்ரோ ஏறி, ரோஸ் வேட்டியோடு மலை ஏறினார். பயந்துபோன நான், கலர்த் துணியைச் சாயம் நிற்கிறவரை அலசினேன். அதோடு விடாமல் வெள்ளைத் துணியையும் மல்லிகை வாசனை சோப்புப் பவுடர் போட்டுத் துவைத்துக் காயப் போட்டேன். வீடே குளித்துவிட்டு வந்த பிள்ளை மாதிரி மணத்தது. கோயிலிலிருந்து திரும்பியவர் செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்று சொன்னார்: "ஏளா, அர்ச்சகர் எனக்குத் திருநீறு தரும்போதே 'ஹேப்பி ஹோலி'ன்னுட்டார்!"

செக்‌ஷன் ஆபீசர் உதவிக்கு வந்தார்

பத்திரத்துக்கு இரண்டு கூடச் சேர்த்து முப்பத்திரண்டு யானைக்கு வெட்டினேன். கண், காது, தும்பிக்கை எல்லாம் வைத்து, வெள்ளைக் குல்லாயும் கலர்க் குல்லாயுமாகச் சாப்பாட்டு மேஜையில் மலை மாதிரி குவித்துவிட்டு, நூல் வாங்கப் போனேன். இனி மிச்சம், ஒரு வெள்ளை ஒரு கலர் என்று ஜோடி சேர்த்து விளிம்பைத் தைப்பதுதான்.

ரிட்டயர் ஆன ஆண்பிள்ளையையும் குவியலாகக் கிடக்கிற சாமானையும் ஒரே அறையில் தனியாக விடக் கூடாது. இது எல்லாப் பெண்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ஆனாலும் விட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்தால் மேஜை பளிச்சென்று இருக்கிறது. குல்லாய்களை இரண்டிரண்டாக முகத்தோடு முகம் சேர்த்து, ஃபைல் கட்டுகிற சிவப்பு நாடாவால் கட்டி, சுவரோரம் அடுக்கி வைத்திருக்கிறார். அந்த நாடாவைச் சொந்தக் காசில் வாங்கியதாக இன்றுவரை சொல்கிறார். ஒரு கட்டைப் பிரித்தேன், வெள்ளையும் வெள்ளையும். இன்னொன்றைப் பிரித்தேன், கலரும் கலரும்.

"என்ன செஞ்சு வச்சிருக்கீங்க? வெள்ளையும் கலரும்லா சேரணும்!" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆபீசில் முப்பது வருஷம் அவர் செய்த வேலையே இனம் பார்த்துச் சேர்ப்பதுதான் என்பது எனக்கும் தெரியும். அவர் போட்ட முடிச்சுகளைப் பல்லால் கடித்து அவிழ்த்து, எல்லாவற்றையும் மாற்றிக் கட்டினேன். எல்லாவற்றையும் என்று அப்போது நினைத்தேன். கலர்த் துணிக்கும் பின்பக்கம் வெள்ளை. முகத்தோடு முகம் வைத்துக் கட்டிவிட்டால் எந்தக் கட்டு எது என்று வெளியிலிருந்து தெரியாது. அவரோ கடைசிவரை தப்பை ஒத்துக்கொள்ளவில்லை: "நாளைக்கு ஒரு ஆடிட் வந்தா, உன் அடுக்கு நிக்குமா, என் அடுக்கு நிக்குமா?"

ஒரே குட்டு

வேலையைப் பங்கு போட்டுக்கொண்டோம். நான் மிஷினில் விளிம்பைத் தைப்பேன். பிங்கி அதைத் திருப்பி, பஞ்சு அடைத்து, வாயைக் கையால் தைத்து மூடுவாள். அவள் கை எங்களோடும், காது போனில் அவள் அக்காவோடும் இருந்தது. வீட்டுக்காரர் பரிசோதகர். "தும்பிக்கை ஒண்ணு, காது ரெண்டு, சரி" என்று சொல்லி, வெள்ளை வெளியே தெரிகிறவர்களைச் சோபாவில் வரிசையாக உட்கார வைப்பார். பிங்கி கலர் வெளியே இருக்கும்படி விட்ட ஒன்றிரண்டைக் கூடையில் போட்டார்.

முப்பது யானைகளும் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்த சமயம், லக்ஷ்மிபாய் நகரிலிருந்து விசாலாட்சி அக்கா, என்னிடம் தைக்கக் கொடுத்திருந்த ரவிக்கையை வாங்க வந்தார். தஞ்சாவூர்க்காரர், வாரத்துக்கு மூன்று விரதம் இருப்பவர். கதவைத் திறந்ததும் எதிரே முப்பது வெள்ளைத் தும்பிக்கை. அக்காவின் கை தானாக நெற்றிப் பொட்டுக்குப் போய்க் குட்டிக்கொண்டது, காதைப் பிடித்துக்கொண்டது, முழங்கால் மடங்கவும் ஆரம்பித்தது. பிங்கி யோகா என்று நினைத்துத் தானும் கூடவே உட்கார்ந்து எழுந்தாள். பாதித் தோப்புக்கரணத்தில் அக்காவுக்கு மூட்டு பிடித்துக்கொண்டு, அப்படியே என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "ஏன் செண்பகம், ஒவ்வொருத்தருக்கும் மூணு மூணு போடணுமா, இல்ல எல்லாருக்கும் சேர்த்து ஒரே செட்டா முடிச்சுக்கலாமா?"

கூடையில் இருந்தவன்

முப்பதும் அட்டைப்பெட்டியில் ஏறி ஸ்கூலுக்குப் போய்விட்டன. ஃபங்ஷன் அன்று காலையில், நல்ல புடவை கட்டி, பூ வைத்து, எதற்கும் இருக்கட்டும் என்று கூடையில் மிச்சமிருந்த இரண்டு யானையையும் கைப்பையில் போட எடுத்தேன். ஒன்றைத் திருப்பினேன், வெள்ளை. இன்னொன்றைத் திருப்பினேன், கலர். மறுபடி திருப்பினேன், கலர். எனக்குத்தான் தலை சுற்றுகிறதோ என்று உட்கார்ந்து, தண்ணி குடித்துவிட்டுத் திருப்பினேன். கலர்தான்.

அப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இங்கே ஒருத்தன் இரண்டு பக்கமும் கலர் என்றால், அங்கே முப்பது பேருக்குள் ஒருத்தன் இரண்டு பக்கமும் வெள்ளை. மைக்கில் மேடம் கத்துவார். இருபத்தொன்பது யானை கலராகும். ஒரு பிள்ளை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கும். அப்புறம் மற்றதுகள். அப்புறம் மேடம். கேட்டில் வர இருந்த போர்டு, என் பெயர், எல்லாம் கண் முன்னாலேயே கழன்று விழுந்தது. சாகிறவரை ஃபால்-பிக்கோதான் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. வீட்டுக்காரர் அந்த யானையை வாங்கி, முன்னும் பின்னும் பார்த்து, குரல் இறங்கிச் சொன்னார்: "ஏளா, இது நான் கட்டின கட்டுல்லா. நீ அவுக்காம விட்டிருக்கே."

ஏக், தோ, தீன்

தெருக்கோடிவரை ஓடினோம். நான் முன்னால், அவர் பின்னால், கைப்பையில் இரண்டு யானை. நல்ல யானை ஒன்று கையில் இருக்கிறது. வெள்ளைக்காரனைக் கண்டுபிடித்து மாற்றிவிட்டால் போதும். அடியில் பார்த்தால் உள்ளே கலர் தெரியும், தெரியாதவன்தான் ஆள். போய்ச் சேர்ந்தபோது பிள்ளைகள் வெள்ளைக் குர்தா போட்டு, மேடைக் கம்பளத்தில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். ஆளுக்கொரு யானை மடியில். பார்க்கிற இடமெல்லாம் போனைத் தூக்கிப் பிடித்த பெற்றோர்கள்.

நான் குனிந்து, தவழாத குறையாக மேடையோரம் போனேன். ஒரு யானையின் அடியில் எட்டிப் பார்த்தேன், கலர் இருந்தது. அடுத்ததைத் தொட்டேன். "மேரா ஹை!" என்று யானையை இறுக்கிக்கொண்டு அந்தப் பையன் என் விரலைக் கடித்தான். அவனுக்குப் பக்கத்தில் இருந்தது, நான் கிச்சுக்கிச்சு மூட்ட வந்திருப்பதாக நினைத்து மல்லாந்து விழுந்து சிரித்தது. கூட்டத்தில் யாரோ, இந்த ஆன்ட்டியும் நிகழ்ச்சியில் ஒரு அயிட்டமா என்று கேட்டது காதில் விழுந்தது. பின்வரிசைகூட முடியவில்லை, மேடம் மைக்கைப் பிடித்துவிட்டார். "ஏக்... தோ... தீன்... ஹோலி ஹை!"

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஒரு நிமிடம் எனக்கு எல்லாமே மறந்துவிட்டது. வெள்ளையாக இருந்த மேடை வெடுக்கென்று மஞ்சளும் நீலமும் ரோஸுமாக ஆனது. பிள்ளைகள் கத்தின, பெற்றோர்கள் கத்தினார்கள், பிங்கி எல்லாரையும்விடக் கத்தினாள். என் கையால் தைத்தது இது என்று கண்ணில் தண்ணி வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு பார்த்தால், முன்வரிசை நடுவில் ஒரு வெள்ளை.

நிலா. எனக்குத் தெரிந்த தமிழ் வீட்டுப் பிள்ளை, அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பேங்கில் வேலை. திருப்பினாள், வெள்ளை. பக்கத்துப் பிள்ளையின் யானையைப் பார்த்தாள். மறுபடி திருப்பினாள், வெள்ளை. சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. மேடத்தின் கையில் மைக் அப்படியே நின்றது. நிலாவின் கீழுதடு மெல்ல வெளியே வந்தது. நான் கைப்பையின் ஜிப்பை இழுத்தேன், அது புடவைத் தலைப்பில் மாட்டிக்கொண்டது. முருகா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். நிலா யானையை முகத்துக்கு நேரே தூக்கினாள். மூக்கைச் சுருக்கி, நன்றாக இழுத்து மோந்து பார்த்தாள். மல்லிகை சோப்புப் பவுடர். அவள் முகம் அப்படியே மலர்ந்து, யானையைத் தலைக்கு மேல் தூக்கி, கூட்டத்தில் இருந்த அம்மாவைப் பார்த்துக் கத்தினாள்: "மம்மி! என் ஹாத்தி ஹோலி விளையாடி முடிச்சு நஹாகே வந்தாச்சு! குளிச்சுட்டான்!"

குளிக்காதவன்

ஹோலி விளையாடிவிட்டுக் குளிக்காமல் வீட்டுக்குள் விடமாட்டார்கள் என்பது டெல்லியில் மூன்று வயசுக்கே தெரியும். என் விரலைக் கடித்தவன்தான் முதலில் எழுந்தான். தன் யானையும் குளிக்க வேண்டும் என்றான். திருப்பினான், வெள்ளை. அடுத்த நிமிடம் மேடை முழுக்க "நஹானா ஹை! நஹானா ஹை!" என்று ஒரே கூச்சல். எல்லா யானையும் வெள்ளையாகின. மறுபடி ஹோலி. மறுபடி குளியல். மேடம் இரண்டு பாட்டுக்கு ஏற்பாடு செய்திருந்தார், அதை யாரும் கேட்கவில்லை. பெற்றோர்கள் சிரித்துச் சிரித்துப் போனைக் கீழே போட்டார்கள்.

கூட்டம் கலைந்ததும் நான் நிலாவிடம் போய், பையில் இருந்த நல்ல யானையை நீட்டி, மாற்றிக்கொள்கிறாயா என்று கேட்டேன். வெள்ளையனை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். சரி, இதையாவது வைத்துக்கொள் என்று இரண்டு பக்கமும் கலராக இருந்தவனைக் கொடுத்தேன். திருப்பிப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். இடுப்பில் கை வைத்து, அவள் அம்மா தினமும் அவளைப் பார்த்துச் சொல்கிற தொனியில் அதட்டினாள்: "எத்தனை வாட்டி சொல்றது? நீ மட்டும் ஏன் குளிக்க மாட்டேங்கற?"

ஃபைலிங் சரியே

மல்ஹோத்ரா மேடம் எங்களை நோக்கி வந்தபோது வீட்டுக்காரர் என் பின்னால் ஒதுங்கி நின்றார். நான் உண்மையைச் சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தேன். மேடம் என்னை விடவில்லை. முப்பதில் ஒன்றை மட்டும் குளித்தவனாகத் தைக்க எப்படித் தோன்றியது என்று இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். போர்டு நாளைக்கே வரும் என்றார். சுற்றி நின்ற அம்மாக்கள் ஆளுக்கொரு யானை கேட்டார்கள். எல்லாருக்கும் குளித்த யானைதான் வேண்டுமாம், இரண்டு பக்கமும் வெள்ளை, அதே சோப்பு வாசனையோடு. அதில் ஒருத்தி தன் மகனைக் கூப்பிட்டு என்னைக் காட்டி, இவர்தான் ஹாத்திவாலி ஆன்ட்டி, யானைக்கார ஆன்ட்டி, என்றாள். பொம்மை ஆன்ட்டி இல்லைதான். ஆனாலும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக வெள்ளைக் குல்லாய்களை வெட்ட உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் சத்தமில்லாமல் அலமாரியைத் திறந்து சிவப்பு நாடாச் சுருளை எடுத்துவந்து மேஜையில் வைத்தார். ரோஸ் வேட்டியை மடித்துக் கட்டி, நாற்காலியை இழுத்துப் போட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டார். இரண்டு வெள்ளையை எடுத்து முகத்தோடு முகம் வைத்துக் கட்டியபடியே, என்னை நிமிர்ந்து பாராமல் சொன்னார்: "நான் அன்னைக்கே சொன்னேன், வெள்ளையோட வெள்ளைதான் சேரணும்னு. யாரு கேக்கா?"

ஆகவே அன்பர்களே, ராப்பகலாக உட்கார்ந்து ஒழுங்காகத் தைத்த இருபத்தொன்பது யானைகளும் வாங்கித் தராத பெயரை, என் வீட்டுக்காரர் கெடுத்த ஒரே யானை வாங்கித் தந்துவிட்டது, அதை அவர் காதில் விழாமல் நான் உங்களிடம் மட்டும்தான் சொல்கிறேன்.